நீ கொடுத்த மல் துணி

கில்டேர், அயர்லாந்து
9 பிப்ரவரி 2025

அன்புள்ள செல்விக்கு,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்றைக்குத்தான் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டுமானால் திட்டிக்கொள். அதிரசம் ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்தது. பச்சைக் குடை அத்தைக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அம்மா சொன்னாள். இந்த வயதிலும் நர்ஸை உட்காரவைத்து வாய்ப்பாடு கேட்டாராமே!

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் குட்டிதான். பொங்கலுக்கு மறுநாள் இரவு இரண்டு மணிக்கு அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. சாதாரண இழுப்பு இல்லை, செல்வி. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவெலும்பு நடுவே தோல் குழி விழுகிறது, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. நான்கு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தோம். மூச்சு சீராகி வீட்டுக்கு வந்தோம். வந்த பிறகுதான் பெரிய கஷ்டம். படுக்க மாட்டேன் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தூங்கினால் மூச்சு நின்றுவிடுமாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்லித் தேற்றுவாய்?

அடுத்த வீட்டு அம்மையாரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பேகன் வழியில் நடப்பவர். கிறிஸ்தவம் வருமுன் இங்கே இருந்த தெய்வங்களையும் பருவங்களையும் இந்தக் காலத்தில் மறுபடி கும்பிடுகிறவர்கள் அவர்கள். அவர்தான், "குழந்தைக்கென்று, உடம்பு குணமாக வேண்டி ஒரு சின்னப் பீடம் வைக்கலாமா, அவள் கையாலேயே?" என்று கேட்டார். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. நம் வீட்டில் சாமி மாடம் இல்லையா என்றுதான் தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் மாடத்தில் குட்டி எதைத் தொட்டாலும் "கை வைக்காதே" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவளுடையது என்று அங்கே ஒரு பொருள்கூட இல்லை.

அதனால் ஜன்னலோரம் இருந்த பழைய ஸ்டூலைக் கொடுத்துவிட்டேன். நான்கு திசைக்கு நான்கு பொருள். வடக்கே மண்ணுக்கு ஒரு கல். தம்பி எதையும் வாயில் போடுகிற வயது என்பதால் அவன் வாய்க்குள் போகாத அளவில் பெரிய கல். மேற்கே ஒரு கிண்ணம் தண்ணீர், தினமும் அவளே மாற்றுகிறாள். தெற்கே நெருப்பு. ஊதுபத்தி, சாம்பிராணி, வாசனை எண்ணெய் எதுவும் கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டேன், புகையும் நெடியும் அவளுக்கு ஆகாது. அதனால் பேட்டரியில் எரியும் மெழுகுவத்திதான். கிழக்கு காற்றுக்கு உரிய திசை. அங்கே இறகு வைப்பார்களாம். தூசி சேரும் என்பதால் குட்டி காகிதத்தில் இறகு வெட்டி நூலில் தொங்கவிட்டாள். இரவில் அதன் எதிரே உட்கார்ந்து, உதட்டைக் குவித்து, மெல்ல மெல்ல ஊதுகிறாள். இறகு நிற்காமல் ஆட வேண்டும், சுழலக் கூடாது. ஆறேழு தடவை ஊதுவதற்குள் தோள் இறங்கிவிடுகிறது. நான் கதவருகே நின்று அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருப்பேன். இழுப்பு வந்தால் எடுக்கும் நீல இன்ஹேலரும், வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் பழுப்பு இன்ஹேலரும், அவற்றைப் பொருத்தி மூச்சிழுக்கும் ஸ்பேசர் குழாயும் இறகுக்குக் கீழேயே இருக்கின்றன. பழுப்பை இப்போது நான் ஒருநாளும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

பீடத்தின் நடுவே பிரிஜிட், இந்த நாட்டின் பழைய பெண் தெய்வம். இந்த ஊரே அவளுடையதுதான். மூன்று பிரிஜிட்டுகள், அக்கா தங்கைகள் என்று பழைய ஐரிஷ் சொல்லகராதி சொல்கிறது. ஒருத்தி கவிதைக்கு, ஒருத்தி வைத்தியத்துக்கு, ஒருத்தி கொல்லனின் உலைக்கு. அதே பெயரில் புனிதையும் உண்டு. கில்டேரில் அவளுக்காக அணையா நெருப்பு எரிந்ததாக 12ஆம் நூற்றாண்டில் ஜெரால்ட் என்ற வேல்ஸ் பாதிரியார் எழுதியிருக்கிறார். அதை 1993இல் கன்னியாஸ்திரிகள் மறுபடி ஏற்றினார்கள். பேகன்களும் கத்தோலிக்கர்களும் அவளைத் தங்கள் தங்கள் வழியில் கும்பிடுகிறார்கள். பிப்ரவரி 1 அவள் நாள். 2023இலிருந்து அதற்காக அரசு விடுமுறையும் விடுகிறார்கள்.

சிலை எதுவும் இல்லை. கோரையில் பின்னிய சிலுவைதான். குட்டியும் அம்மையாரும் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து பின்னினார்கள். ஒரு கோரையை நேராகப் பிடித்து, இன்னொன்றை இரண்டாக மடித்து அதன் நடுவில் மாட்டி, கால் சுற்று திருப்பி, அடுத்ததை மாட்ட வேண்டும். நடுவைக் கட்டைவிரலால் இறுக்கிப் பிடிக்காவிட்டால் அத்தனையும் அவிழ்ந்துவிடும். குட்டிக்கு மூன்று முறை அவிழ்ந்தது. நான்காவது முறை நின்றது. ஈரக் கோரை வாசனை வீடு முழுக்க, நம் ஊர்ப் பாய்க்கடை மாதிரி.

இனி என்னைத் தூங்கவிடாத விஷயம். போன வாரம் லேசாக இருமல் வந்தது. குட்டி என்னிடம் வந்து, "நேற்று தண்ணீர் மாற்ற மறந்துவிட்டேன், அதனால்தானே அம்மா?" என்று கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. நோய்க்கும் அவளே பொறுப்பு என்றாகிவிட்டால் இந்தப் பீடத்தைவிடக் கொடுமையான பொருள் வீட்டில் இருக்க முடியாது. நாளைக்கே எடுத்துவிடுவேன் என்று அம்மையாரிடம் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கிண்ணத்துத் தண்ணீரை அவள் கண்முன்னே தொட்டியில் கொட்டினார். கல்லை எடுத்துத் தரையில் வைத்தார். இறகைக் கழற்றினார். "இன்று ராத்திரி எல்லாம் இப்படியே இருக்கட்டும்" என்று போய்விட்டார். அன்றிரவு குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் அவளே எல்லாவற்றையும் திரும்ப வைத்தாள், திசை மாற்றி, தன் இஷ்டத்துக்கு. சளி பிடித்தால் இருமல் வரும், தண்ணீரால் இல்லை என்று இப்போது தம்பிக்குப் பாடம் நடக்கிறது.

நேர்த்திக்கு மஞ்சள் துணியில் காசு முடியும்போது என் அம்மா என்னிடம் இப்படி ஒரு தடவை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடிச்சைத் தொட்டுவிட்டேன் என்று ஒரு காய்ச்சல் முழுக்கப் பயந்து கிடந்தேனே, உனக்கு நினைவிருக்கிறதா? நீதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்.

துணி என்றதும் சொல்ல வேண்டும். ஜனவரி 31 இரவு ஒரு துணியை வெளியே போட்டு வைப்பார்கள். பிரிஜிட் அந்த வழியாகப் போகும்போது தொட்டுவிட்டுப் போவாள் என்பது இந்த மண்ணின் நம்பிக்கை. தலைவலிக்கும் தொண்டை வலிக்கும் அந்தத் துணியைத்தான் சுற்றிக்கொள்வார்கள். குட்டி எதைப் போட்டாள் தெரியுமா? அவள் பிறந்தபோது நீ கொடுத்த வெள்ளை மல் துணியை. கொல்லைப்புறச் செடியில் கட்டிவிட்டாள். விடிந்ததும் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய், சொட்டச் சொட்ட எடுத்து வந்தாள். அன்றிரவு அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு படுத்தாள், செல்வி. படுத்தே தூங்கினாள்.

உன் ஒற்றைத் தலைவலியைப் பற்றிச் சொன்னேன். உடனே கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். பாதித் துணி இந்தக் கடிதத்தோடு வருகிறது. மாத்திரையை நிறுத்தாதே, அந்த டாக்டரைப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. ஓரம் கோணலாக இருக்கும். மடித்துத் தைத்துவிடாதே, அவள் வெட்டியது.

அன்புடன்,
உன் கமலா