பழைய பெட்டியை ஏன் இன்னும் போடவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய லேப்டாப் செவ்வாய்க்கிழமை நல்லபடியாக வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் உன் அம்மா பரணில் ஏற்றிவிட்டாள். மிஷின் நன்றாக இருக்கிறது. சத்தமே இல்லாததால் ஓடுகிறதா இல்லையா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் காயலான் கடையில் போட்டுவிடுங்கள் என்று போனில் சொன்னாய். நானும் சரி என்றேன். போடவில்லை. காரணத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது நிமிஷமே சண்டையாகிவிடும், அதனால்தான் கடிதம்.

பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் இல்லை நான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை மூடியபோது நாலு ரெமிங்டன் மிஷினை எடைக்குப் போட்ட காசை முன்பணமாகக் கட்டித்தானே 1998-ல் முதல் கம்ப்யூட்டர் வாங்கினேன்? அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. தவணை கட்ட வேண்டும் என்ற பயம்தான் இருந்தது.

டேப்ரிக்கார்டரை மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்பாய், அந்தக் கதை வேறு. அது உன் அம்மாவுடையது, நான் வெறும் மெக்கானிக். போன மாதம் பாடகர் தூக்கத்தில் பாடுவதுபோல இழுத்தது. திறந்து பார்த்தால் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடக்கிறது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைக்கவே ஒரு மத்தியானம் போய்விட்டது. விரலில் ஏறிய கறுப்பு இரண்டு நாள் போகவில்லை. புது பெல்ட் போட்டதும் பாடிவிட்டது. பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கேசட்டைக் கொண்டுவந்தபோது வைத்த வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். அதை யாரும் மாற்றவே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 60 நிமிஷக் கேசட்டில் 85 மீட்டருக்குச் சற்று மேலே நாடா வருகிறது. 1985-ல் லிஸ்ட் எழுதிக் கொடுத்துக் கடையில் பதிந்து வாங்கிய கேசட்டும் இன்றைக்கு எந்த டேப்பில் போட்டாலும் ஓடும். பூஞ்சை பூத்திருக்கும், குரல் கம்மியிருக்கும். 90 கேசட் என்றால் நாடா மெல்லிசு, சிக்கிக்கொள்ளும், பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். ஆனாலும் என்ன பாட்டு என்று தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் கோப்பு அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மங்காது. என் கஷ்டமே அதுதான்.

நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு நடந்தது, உனக்குத் தெரியாது. நம் ஊர்த் தமிழாசிரியர் ஒருவர் கோயில் வரலாறு எழுதினாரே, 2001-ல் நான்தான் அதை அடித்துக் கொடுத்தேன், 184 பக்கம். 2013-ல் இரண்டாம் பதிப்பு போட வேண்டும் என்று வந்தார். "கவலைப்படாதீங்க சார், சி.டி.யில் பத்திரமா இருக்கு" என்று பெருமையாகச் சொன்னேன். கோப்பு திறந்தது. ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் டாலர் குறியுமாக இருந்தது. அதை அடித்த தமிழ் எழுத்துருவை, அதாவது ஃபாண்டை, 2006-ல் மிஷினை ஃபார்மட் செய்தபோது நானே தொலைத்திருந்தேன். விற்ற கடை எப்போதோ மூடிவிட்டது. அவர் எதிரில் உட்கார்ந்து மவுஸை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தேன், என்னவோ உருட்டினால் தமிழ் வந்துவிடும் என்பதுபோல.

எல்லா மொழிக்கும் பொதுவாக ஒரே எழுத்து வரிசை என்கிற யூனிகோடு காலத்துப் பிள்ளை நீ, அதனால் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அப்போது கம்ப்யூட்டருக்குத் தமிழே தெரியாது. ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவத்தைச் சட்டை மாதிரி மாட்டிவிடுவோம், அவ்வளவுதான். பாமினி என்ற எழுத்துருவில் நான் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, செமிகோலன், கே, ஹெச். டைப்ரைட்டரில் இடக்கை விரல்களுக்குப் பழகிய அதே ய, ள, ன, க வரிசைதான், அதனால் எனக்குச் சுலபம். சட்டையைக் கழற்றினால் எம், கே, செமிகோலன் மட்டும்தான் மிச்சம். பாமினி பரவாயில்லை, ஊர் முழுக்கப் புழங்கியது, மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மற்றபடி எழுத்துரு விற்ற ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்கு ஒரு வரிசை வைத்திருந்தார்கள். 1999-ல் சென்னையில் மாநாடு போட்டு டாம், டாப் என்று பொது வரிசை கொண்டுவந்தார்கள். அதற்குள் கம்ப்யூட்டரில் பக்கம் அடித்துக் கொடுக்கும் எங்களைப் போன்ற டி.டி.பி. கடைகளில் ஆளுக்கொரு எழுத்துருவில் ஆயிரக்கணக்கான பக்கம் ஏறிவிட்டது. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கொடுத்தாயிற்று என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது ரொம்பப் பின்னால். தமிழ்நாடு அரசாங்கம் யூனிகோடுக்கு வந்ததே 2010-ல்தான்.

ஆசிரியர் புத்தகத்தை அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு முதலிலிருந்து அடித்தேன். மூன்று வாரம், காசு வாங்கவில்லை. முதல் பதிப்பில் விட்ட முப்பது நாற்பது பிழைகள் அப்போதுதான் கண்ணில் பட்டன. அதில் அவருக்கு ஏக சந்தோஷம், எனக்குத்தான் முதுகுவலி.

அன்றையிலிருந்து அந்தப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி பெட்டியில் யாரையும் கைவைக்க விடுவதில்லை. எழுத்துருவை மட்டும் புது லேப்டாப்புக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பாய். மாற்றிவிட்டேன். ஆனால் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு, தீப்பெட்டி அளவில். பிரிண்டர் ஒயர் சொருகும் இடத்தில் அதை மாட்டினால்தான் மென்பொருள் ஓடும். உன் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், அந்த ஓட்டையே இல்லை.

பழைய பெட்டியில் இன்டர்நெட் வேண்டாம் என்று நீ சொன்னது மட்டும் சரிதான். போன வருஷம் ஒரு நாள் அந்தப் பெட்டியில் எந்தத் தளமும் திறக்கவில்லை. எதைத் தட்டினாலும் நம்பத்தகாத இணைப்பு என்றே வந்தது. லைன்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டுவிட்டேன், பாவம். அப்புறம் பார்த்தால் பெட்டியில் தேதி 2002 ஜனவரி 1. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. இது நம்பகமான தளம்தான் என்று காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டல்லவா, 2002-ல் நிற்கிற பெட்டிக்கு இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை. பேட்டரியை மாற்றியதும் பாதித் தளங்கள் வந்தன, மீதி வரவில்லை. எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-லேயே கைகழுவிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் மட்டும் 52-ஆம் பதிப்பை வைத்து 2018 வரை தாங்கிப் பிடித்தது. அதில் ஒருமுறை பேங்க் கணக்கைத் திறந்தேன் என்று சொல்லி உன்னிடம் திட்டு வாங்கினேனே, அது நியாயமான திட்டுதான். இப்போது ஒயரைப் பிடுங்கிவிட்டேன். ரயில் டிக்கெட், பேங்க், உன்னோடு வீடியோ எல்லாம் புதியதில்தான்.

பழையதில் தினம் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கோப்புகளைத் திறந்து யூனிகோடுக்கு மாற்றுகிறேன். சங்க மலர், கோயில் மலர், யாரோ அச்சுக்குக் கொடுக்காமலே விட்ட கவிதைகள், கல்யாணப் பத்திரிகைகள். பத்திரிகைகளை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தாத்தா, பாட்டி, மாமன்மார் என்று மூன்று தலைமுறைப் பெயர் வேறு எங்கே எழுதிவைத்திருக்கிறது?

ஓர் எழுத்துருவுக்கு மட்டும் மாற்றும் கருவி எங்கேயும் கிடைக்கவில்லை. எந்தச் சாவிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து நோட்டில் நாலு பக்கம் எழுதிவைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது அதை வைத்து ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடு. கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வந்துவிடும், யூனிகோடில் அவை பின்னால் போக வேண்டும், அதை மட்டும் கவனித்துக்கொள்.

இன்னொன்று. யூ.எஸ்.பி.யில் சொருகுகிற ஃபிளாப்பி டிரைவ் ஆன்லைனில் கிடைக்கிறதாம், ஒன்று வாங்கி வா. பழைய பெட்டியில் இருந்தது படிக்க மறுக்கிறது. பதினோரு ஃபிளாப்பி இருக்கின்றன. ஒன்றின் மேல் "என் படம் அப்பா அழிக்காதே" என்று உன் கையெழுத்து.

அழிக்கவில்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு.: லேப்டாப் சார்ஜரை ராத்திரி பிடுங்கிவைக்க வேண்டுமா என்று அம்மா கேட்கிறாள்.