நியாயவிலைக் கடையும் ஊட்டச்சத்தும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறார். அதே ஆய்வு, பெண்களில் 40 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்றும், பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை உண்டு என்றும் கூறுகிறது. பருத்த உடலிலும் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம் என்பதால், இவற்றை ஏழைக்கொரு நோய், வசதியானவருக்கொரு நோய் எனப் பிரித்துப் பார்ப்பது பிழையாகும்.

நம் நியாயவிலைக் கடைகள் பசியைத் தணித்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் விலையில்லா அரிசி, மானிய விலைச் சர்க்கரை, பாமாயில் ஆகியவற்றோடு ஒரு கிலோ துவரம்பருப்பு மட்டுமே கிடைக்கும் குடும்பத்தின் தட்டில், காய்கறியின் விலை ஏற ஏறச் சோறுதான் குவிகிறது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-இல் அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியது நல்ல தொடக்கம். அதனைப் பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கி, பருப்பின் அளவையும் கூட்ட வேண்டும்.

சத்துணவில் முட்டை வழங்கும் அரசு, பள்ளி வாயிலிலேயே ஐந்து ரூபாய்க்குத் தொங்கும் நொறுக்குத்தீனிப் பொட்டலங்களைக் கண்டும் காணாமல் இருப்பது விந்தையே. பள்ளி வாயிலிலிருந்து எத்திசையிலும் 50 மீட்டருக்குள் இவற்றை விற்கக் கூடாதென 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் கூறுகின்றன. மாவட்ட அலுவலர்கள் அதை நடைமுறைப்படுத்தினாலே போதும், புதிய சட்டம் தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தஞ்சாவூர்