தேசிய சேவை: பிள்ளையிடம் சுற்று நேரத்தைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் கட்டாயப் படைச் சேவையான தேசிய சேவைக்குப் போகும் பிள்ளையிடம் ‘தைரியமாக இரு’ என்று மட்டும் சொன்னால் போதாது. உடலுறுதிச் சோதனையின் 100 புள்ளிகளில் 50, 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்குரியவை. பலரோ வீட்டில் தண்டால் மட்டும் எடுத்துப் பழகிவிட்டு, அடிப்படை ராணுவப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவுக்குப் போகிறார்கள்.

2.4 கிலோமீட்டர் என்பது 400 மீட்டர் திடலில் ஆறு சுற்று. 12 நிமிடம் இலக்கென்றால் சுற்றுக்கு இரண்டு நிமிடம். முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் பாய்ந்து முடிப்பவர் நான்காவதில் மூச்சிரைத்து நடப்பார். மனம் தளர்வது அங்கேதான். ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் எழுதி வைக்கட்டும். ஐந்து விநாடி குறைந்ததைக் கண்ணால் காண்பதே பெரிய ஊக்கம்.

பெற்றோரே, வார இறுதியில் வீடு வந்ததும் அந்த நேரத்தைக் கேளுங்கள். முகாமுக்குத் திரும்பும்போது பையில் காய்ந்த காலுறை இரண்டு சோடி கூடுதலாக வையுங்கள். ஈரக் காலுறையோடு நீண்ட தூரம் நடந்தால் குதிகால் கொப்புளித்துவிடும்.

வாசகர், ஈசூன்