அக்கா, அந்தக் கப்பல் டிக்கெட்டைப் பற்றி

சிங்கப்பூர், 17 ஜனவரி 2021

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலன்று நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கொரோனாவால் ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் எட்டு விருந்தினருக்கு மேல் கூடாது என்பதால் நம் வீட்டுக் கூட்டத்தைக் காலை, மாலை என்று பிரித்து வரச் சொன்ன பொங்கல் அது. பாயசம் ஊற்றிக்கொண்டே, "தம்பி, அம்மா பிறந்தநாளுக்குக் கப்பல்ல கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்ற?" என்றாய். "பாக்கலாம்க்கா" என்று நழுவிவிட்டேன். மூன்று நாளாக அதே நினைப்பு. 25ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும் என்று வேறு சொன்னாய். சரி, எழுதியே விடுகிறேன். வயதான அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உன் ஆசையில் ஒரு தப்பும் இல்லை. அம்மா ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. போன ஏப்ரலில் சர்க்யூட் பிரேக்கர் என்ற ஊரடங்கு வந்ததிலிருந்து அவருடைய உலகம் ஈசூன் வீட்டின் பதினொன்றாம் மாடித் தாழ்வாரம்தான். கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் தேக்கா சந்தைக்குப் போய்க் கீரை பார்த்து வாங்கும் பழக்கம் திரும்பவில்லை. விமானம் இல்லை, ஊர் இல்லை, கல்யாணம் காட்சி இல்லை. மூன்று நாள் கடல் காற்றாவது வாங்கட்டும் என்று நீ நினைத்தாய். அந்த நினைப்பு எனக்கு வரவில்லையே என்று எனக்கே வருத்தம்.

நீ அவசரப்பட்டு இறங்கவில்லை என்பதும் தெரியும். நவம்பர் 6ஆம் தேதி வோர்ல்ட் டிரீம் என்ற உல்லாசக் கப்பல் கிளம்பியபோதே நீ கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டாய். டிசம்பர் 1ஆம் தேதி குவாண்டம் ஆஃப் த சீஸ் கிளம்பியது. இரண்டும் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலைச் சுற்றிவிட்டு இங்கேயே திரும்புகிறவை. சிங்கப்பூரில் இருப்பவர்கள் மட்டும்தான் ஏறலாம். பாதிப் பேரைத்தான் ஏற்றுகிறார்கள். ஏறும் முன் பரிசோதனை, உள்ளே முகக்கவசம், யாரோடு நெருங்கியிருந்தோம் என்று பதிவு செய்ய, கையில் டிரேஸ்டுகெதர் கருவி. கப்பலை நடத்துகிறவர்கள் விளையாட்டாக நடத்துகிறார்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். உலகத்தில் கப்பல் ஏறுவதற்கு இன்றைக்கு இருப்பதிலேயே கவனமான இடம் நம் ஊராகத்தான் இருக்கும்.

ஆனாலும் என்னால் டைமண்ட் பிரின்சஸ் கப்பலை மறக்க முடியவில்லை அக்கா. போன பிப்ரவரியில் நீயும் நானும் தினமும் அதைப் பற்றித்தானே பேசினோம். ஹாங்காங்கில் ஜனவரி 25ஆம் தேதி இறங்கிப் போன ஒரு பயணி. பிப்ரவரி 1ஆம் தேதி அவருக்குத் தொற்று என்று தெரிகிறது. அதற்குள் கப்பலில் இன்னும் ஒரு வாரம் விருந்தும் ஆட்டமும் நடந்து முடிந்திருந்தது. ஜப்பானின் யோகோஹாமாவில் கப்பலை நிறுத்தி, 3,711 பேரையும் உள்ளேயே வைத்தார்கள். கடைசியில் 712 பேருக்குத் தொற்று. அதில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பரிசோதனை செய்த நேரத்தில் இருமல்கூட இல்லை. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் அம்மா வயதுக்காரர்கள்.

அந்தக் கப்பலில் என் மனதில் தங்கியது பயணிகள்கூட இல்லை. பயணிகள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அத்தனை அறைக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனது யார்? ஆயிரத்துச் சொச்சம் ஊழியர்கள். இரவானால் கீழ்த்தளத்தில் ஒரு அறையில் இரண்டு மூன்று பேராகப் படுத்தார்கள், ஒரே இடத்தில் சாப்பிட்டார்கள். யாரை யாரிடமிருந்து பிரிப்பது? 132 இந்தியர்கள் அந்த வேலையில் இருந்தார்கள், அதில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. "எங்களைக் கூட்டிப்போங்கள்" என்று அவர்கள் செல்போனில் பேசி அனுப்பிய காணொளியை நீதான் எனக்கு அனுப்பினாய். பிப்ரவரி 27ஆம் தேதி விமானம் அனுப்பி 119 இந்தியர்களை டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். தொற்று வந்தவர்கள் ஜப்பான் மருத்துவமனைகளில் தங்கிவிட்டார்கள். நாம் விடுமுறைக்கு ஏறுகிற கப்பலில் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை வேலைக்கு ஏறியிருக்கிறது. முடிவெடுக்கும்போது அந்தப் பிள்ளையையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

"அது ஒண்ணுமே தெரியாத காலம் தம்பி, இப்பதான் டெஸ்ட் இருக்கே" என்பாய். இருக்கிறதுதான். ஆனால் நேற்றுத் தொற்றியது இன்றைய பரிசோதனையில் தெரியாது; உடம்பில் கிருமி பெருக இரண்டு மூன்று நாளாவது வேண்டும். நவம்பரில் கரீபியன் பக்கம் சீட்ரீம் என்ற சின்னக் கப்பல் பார்படோஸிலிருந்து கிளம்பியது. ஐம்பது சொச்சம் பயணிகள்தான். கிளம்பும் முன் பரிசோதனை, ஏறும்போதும் பரிசோதனை. அப்படியும் ஏழு பயணிகளுக்குத் தொற்று வந்து, பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டார்கள். நம் ஊரில் வெளியே தொற்று மிகக் குறைவு என்பதால் இங்கே அப்படி நடக்க வாய்ப்பும் குறைவு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

நான் உண்மையில் தயங்குவது டிசம்பர் 9ஆம் தேதியை நினைத்துத்தான். குவாண்டம் கப்பலில் 83 வயதுக்காரர் ஒருவர் வயிற்றுப்போக்கு என்று கப்பல் மருத்துவரிடம் போனார். அங்கே எடுத்த பரிசோதனையில் தொற்று என்று வந்தது. நான்கு நாள் பயணத்தின் மூன்றாம் நாள் அது. கப்பலை அன்று காலையே மரினா பே முனையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். 1,680 பயணிகள், 1,148 ஊழியர்கள். பயணிகள் எல்லாரும் அறைக்குள். அவரோடு நெருங்கியிருந்தவர்கள் யார் யார் என்று கண்டுபிடித்து முடிக்கும்வரை யாரும் இறங்க முடியாது. ராத்திரிதான் இறங்க ஆரம்பித்தார்கள். மறுநாள் மறுபடி பரிசோதித்தால், அவருக்குத் தொற்றே இல்லை!

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அந்தக் கப்பலில் மாமியாரோடு இருந்தார். பொழுது விடியும் முன்பே ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததாம். காலைச் சாப்பாடு கதவுக்கு வெளியே வைக்கப்பட்டது, வைத்தவர் தட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். கப்பல்காரர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார். ஆனால் அவர்கள் எடுத்தது ஜன்னல் இல்லாத உள்ளறை, விலை குறைவு என்று. மாமியாருக்குப் பகலா இரவா என்றே தெரியவில்லை. இரத்த அழுத்த மாத்திரை நான்கு நாளைக்குத்தான் எண்ணி எடுத்துப் போயிருந்தார்கள். பத்து நாள் உள்ளேயே வைத்தால் என்ன செய்வது என்று அந்த அம்மா மாத்திரையைப் பாதியாக உடைத்து வைத்தாராம். இவர் பார்த்துவிட்டு, "அத்தை, முழுசா போடுங்க" என்று கெஞ்சியிருக்கிறார். அந்தப் பாதி மாத்திரைதான் அக்கா என் கண்ணிலேயே நிற்கிறது. கிருமியே இல்லாத கப்பலில் நடந்தது இது.

இனி நம் அம்மாவை நினைத்துப் பார். ராத்திரி இரண்டு தடவை எழுந்து நடந்தால்தான் கால் மரத்துப்போகாது. சர்க்கரைக்கு மூன்று வேளை மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு. ஒருவேளை பக்கத்து மேசையில் உட்கார்ந்தவருக்கு நிஜமாகவே தொற்று என்றால், அம்மாவுக்குப் பதினான்கு நாள் தனிமை உத்தரவு. உன்னையும் அவரோடு சேர்த்தே வைப்பார்கள் என்று நம்பிப் போக முடியாது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை இரவு அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "கப்பல்ல போலாமாம்மா?"

"நான் பாக்காத கப்பலா தம்பி" என்று சிரித்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார். ரஜூலா கப்பலில் வந்த கதையை நீயும் நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். 1962, அம்மாவுக்கு 13 வயது. நாகப்பட்டினத்தில் கரையிலிருந்து படகில் போய்க் கப்பலேறியது, டெக்கில் பாய் விரித்த இடமே வீடு, பாட்டி கட்டிவந்த புளிச்சோறு மூன்றாம் நாளும் கெடாமல் இருந்தது. அதுவரைக்கும்தான் நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை இத்தனை வருஷத்தில் அம்மா சொன்னதே இல்லை.

சிங்கப்பூர் வந்ததும் அவர்களை ஊருக்குள் விடவில்லையாம். டெக்கில் யாரோ ஒருவருக்கு உடம்பில் கொப்புளம், பெரியம்மையோ என்று சந்தேகம். செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கிவிட்டார்கள். அந்தத் தீவு அதற்காகவே இருந்த இடம். 1873இல் இங்கே காலரா பரவிய பிறகு, 1874இல் அங்கே தடுப்பு முகாம் கட்டினார்கள். சீனாவிலிருந்தும் நம் ஊரிலிருந்தும் வந்த எத்தனையோ ஆயிரம் கூலிக்காரர்கள் முதலில் மிதித்த சிங்கப்பூர் மண் அதுதான். அம்மாவும் பாட்டியும் அங்கே ஒன்பது நாள் இருந்தார்கள். உடுத்திய துணியைக்கூட வாங்கி மருந்துத் தண்ணீரில் முக்கிக் கொடுத்தார்களாம். "அந்த வாடை சீலைல ஒரு மாசம் இருந்துச்சு" என்றார். ராத்திரியானால் எதிரே ஊர் விளக்கு முழுவதும் தெரியும். தாத்தா துறைமுகத்தில் லீவு போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். "உங்கப்பா அந்த வெளக்குப் பக்கந்தான் நிக்கிறாரு" என்று பாட்டி கையைக் காட்டுவாராம். ஒரு கொட்டகையில் முப்பது பெண்கள், இருட்டியதும் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். சொல்லச் சொல்ல அம்மாவின் வலது கை இடது தோளுக்குப் போய், அம்மை ஊசித் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தது. தொலைக்காட்சி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில், "அவ ஆசைப்படுறா, போலாம். கதவ மட்டும் அடைக்காம இருந்தா சரி" என்றார்.

உன்னிடம் இதைச் சொல்லமாட்டார் அக்கா. உன் சந்தோஷத்துக்காகப் பையை எடுத்துக்கொண்டு சிரித்த முகமாகக் கிளம்பிவிடுவார். அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பதில் இதுதான். இப்போது வேண்டாம். ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. டிசம்பர் 30ஆம் தேதி தாதியருக்கும் மருத்துவர்களுக்கும் கொரோனா தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். 8ஆம் தேதி பிரதமர் லீ போட்டுக்கொண்டார், அம்மா அதைச் செய்தியில் பார்த்துவிட்டு, "எனக்கு எப்ப?" என்று கேட்டார். பெரியவர்களுக்கு அடுத்த மாதம் வாக்கில் தொடங்கும் என்கிறார்கள். முதல் ஊசி, மூன்று வாரம் கழித்து இரண்டாவது, அப்புறம் உடம்பில் ஊசி வேலை செய்ய இரண்டு வாரம். இதோ இருக்கிறது ஏப்ரல். பிறந்தநாள் இரண்டு மாதம் தள்ளிக் கொண்டாடினால் அம்மாவுக்கு வயது குறைந்துவிடாது. அப்போதும் போக ஆசையிருந்தால் நானே செலவில் பாதி தருகிறேன். பால்கனி அறையாக எடு. கூடுதலாக இருநூறு முந்நூறு வெள்ளி ஆனாலும் சரி, கதவு அடைபட்டாலும் அம்மா கண்ணுக்கு வானம் தெரிய வேண்டும். மாத்திரை மூன்று வாரத்துக்கு எடுத்துவை. அவருடைய நோய் விவரத்தை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி அவர் பையிலேயே போட்டுவிடு. நீ வேலைக்குத் திரும்பும் நாளை ஒரு வாரம் தள்ளிச் சொல்லிவை. பஃபே வரிசையில் அம்மாவை நிற்கவிடாதே.

இந்தப் பிறந்தநாளுக்கு நான் வேறு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகு போகிறது. அரை மணி நேரம்தான். முகாமை 1976இலேயே மூடிவிட்டார்கள், இப்போது எல்லாரும் கூடை கட்டிக்கொண்டு பொழுதுபோக்கப் போகிற இடம். அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மரமெல்லாம் இருக்குமா?" என்றார். நிழல் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் அடுத்த படகிலேயே திரும்பிவிடலாம்.

வருகிற சனிக்கிழமை, காலைப் படகு. புளிச்சோறு நான் கட்டிக்கொண்டு வருகிறேன். அம்மாவின் மதிய மாத்திரையையும் குடையையும் நீ எடுத்துவா. அதற்குள் பணத்தை மட்டும் கட்டிவிடாதே.

உன் தம்பி