ரவுட்டருக்கும் காலாவதி தேதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு வைஃபை ரவுட்டர்களில் தொடர்ந்து கண்டுபிடிக்கப்படும், வெளியாள் தன் கட்டளையை உள்ளே நுழைக்க வழிவிடும் 'கமாண்ட் இன்ஜெக்‌ஷன்' ஓட்டைகளைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 ரவுட்டரில் நடந்ததைப் பாருங்கள். அதன் நிர்வாகப் பக்கத்தில் நாட்டைக் குறிப்பிட ஓர் இடம் உண்டு. அங்கே வருவதைச் சரிபார்க்காமல் ரவுட்டர் அப்படியே தன் இயங்குதளத்திடம் கொடுத்துவிட்டது. நாட்டுக்குப் பதில் ஒரு கட்டளையை அனுப்பினால், அதையும் முழு அதிகாரத்தோடு நிறைவேற்றியது. பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை! 2022 டிசம்பரில் டொரன்டோவில் நடந்த ஹேக்கிங் போட்டியில் ஆய்வாளர்கள் காட்டிய ஓட்டை இது. 2023 மார்ச்சில் திருத்தம் வந்தது. ஏப்ரலிலேயே, கருவிகளைக் கைப்பற்றி அவற்றைக் கொண்டு பிற இணையதளங்களைத் தாக்கும் மிராய் தீநிரல் அதன் வழியாக ரவுட்டர்களில் நுழையத் தொடங்கிவிட்டது.

திருத்தம் வந்தாலும் அதை யார் போடுவது? இணைப்பு கொடுக்க வரும் ஊழியர் பெட்டியைச் சுவரில் மாட்டி, பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் என்று ஒன்று இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. தீநிரல் நம் இணைப்பைக் கொண்டு வேறொருவரின் இணையதளத்தைத் தாக்கினாலும், நெட் கொஞ்சம் மந்தம் என்றுதான் நினைப்போம்.

இணையத்தோடு இணையும் கருவிகளுக்கு எதுவரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர்கள் அறிவிப்பது பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டப்படி கட்டாயம். மருந்து அட்டையில் காலாவதி தேதி இருப்பதுபோல, இங்கும் ரவுட்டர் பெட்டியின் மேலேயே அந்தத் தேதியை அச்சிட மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட வேண்டும். இணைப்போடு ரவுட்டர் தரும் நிறுவனங்கள் அப்டேட்டையும் தாங்களே போட்டுத்தர வேண்டும்.

– வாசகர், திருநெல்வேலி