படத்தின் கீழே ஊர்ப் பெயர் வேண்டும்

ஆசிரியருக்கு,

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் வாழும் கெச்சுவா என்ற பழங்குடி மக்களின் நெசவு குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வண்ணப்படங்கள் அருமை. ஆனால் அத்துணிகளை 'அழகிய கைவினைப் பொருள்கள்' என்ற அளவிலேயே நிறுத்திவிட்டது வருத்தமளிக்கிறது. அவை அம்மக்கள் நூலால் எழுதிவைத்த ஆவணங்கள். டிடிகாக்கா ஏரியின் தக்கீலே தீவில் நெய்யப்படும் அகன்ற இடைக்கச்சையில் வேளாண்மை, சடங்குகள் என ஓர் ஆண்டின் சுழற்சியே உருவங்களாக இடம்பெறுகிறது. அங்கு ஆண்கள் தம் கையாலேயே பின்னி அணியும் கம்பளித் தொப்பி, அவர் மணமானவரா இல்லையா என்பதைச் சொல்லிவிடும். இக்கலையை யுனெஸ்கோ 2005-லேயே மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

பெருவின் குஸ்கோ நகருக்குச் சென்றிருந்தபோது, ஆண்டிஸ் மலைப்பகுதியின் மரபு உருவங்களை இயந்திரத்தில் நெய்த செயற்கை இழைத் துணிகள் கடைகளில் குவிந்திருக்கக் கண்டேன். அவை எந்த ஊரின் வடிவங்கள் என்பது விற்றவருக்கே தெரியவில்லை. ஊரின் பெயர் அழிந்தால் உருவத்தின் அர்த்தமும் அழிகிறது. மிஞ்சுவது வெறும் கோலம். எனவே, இத்தகைய படங்களை இனி வெளியிடும்போது 'பெரு நாட்டுத் துணி' என்று பொதுவாகக் குறிப்பிடாமல், நெய்த ஊரின் பெயரையும், ஒப்புதல் பெற்று நெசவாளியின் பெயரையும், உருவத்தின் பொருளையும் அச்சிட வேண்டுகிறேன்.

- வாசகி, ஈரோடு