மெல்லிய நீரேட்டின் இழுப்பும் தள்ளலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வந்த நானோ நுட்பக் கட்டுரை, இரு பரப்புகளுக்கு நடுவே சிக்கும் ஈரம் அவற்றை ஒட்டவைக்கும் என்று சொல்லி நின்றுவிட்டது. சொன்னது சரி, ஆனால் அது பாதி உண்மைதான்.

காற்றிலுள்ள நீராவி மிகக் குறுகிய இடுக்குகளில் தானாகவே நீராகப் படிந்து, இரு பரப்புகளையும் இணைக்கும் பாலமாகிறது. அதன் விளிம்பு உட்குழிந்து வளைவதால் நீருக்குள் அழுத்தம் குறைந்து, பரப்புகள் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்படுகின்றன. ஈரப்பதம் 50 விழுக்காடு உள்ள அறையில் அந்த வளைவின் ஆரம் 1 நானோமீட்டருக்கும் குறைவு என்றாலும், பரப்பை நுண்முள்ளால் தடவி ஆராயும் அணுவிசை நுண்ணோக்கியின் முள்முனையைப் பரப்போடு பிடித்துவைக்க அதுவே போதும்.

பரப்புகள் முழுவதுமாக நீரில் மூழ்கிவிட்டால் பாலத்துக்கு விளிம்பே இல்லை. ஆகவே அந்த இழுப்பும் இல்லை. அங்கே வேறொரு விசை தலைதூக்குகிறது. இஸ்ரேலாச்விலி, பாஷ்லி என்னும் அறிவியலாளர்கள் 1983-இல் உப்புக் கரைசலுக்குள் மைக்கா என்னும் வழவழப்பான கனிமத்தின் இரண்டு தகடுகளை மெல்ல மெல்ல நெருக்கி அளந்தபோது, கடைசி ஓரிரு நானோமீட்டர் தொலைவில் விசை சீராக வளராமல் அலையலையாக ஏறி இறங்கியது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே ஏறத்தாழ 0.25 நானோமீட்டர், அதாவது ஒரு நீர் மூலக்கூறின் பருமனளவு. நீர் அங்கே அடுக்கடுக்காக நிற்கிறது. ஒவ்வோர் அடுக்கையும் வெளியேற்றத் தனியே ஆற்றல் செலவிட வேண்டியிருக்கிறது. பரப்பில் படிந்த அயனிகள் தம்மைச் சூழ்ந்த நீரை எளிதில் விடாததால், மொத்தத்தில் தள்ளலே மேலோங்குகிறது. நீரை இடைவெளியற்ற திரவமாக எண்ணிப் போடும் கணக்கு இந்தத் தொலைவில் உதவாது என்பதை அந்த அளவீடு ஐயமின்றிக் காட்டியது.

இதைக் கட்டுரையாளர் விட்டுவிட்டது, வேலூர்ப் பகுதியில் பலகாலம் இயற்பியல் கற்பித்த எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) நாள்தோறும் கையாளப்படும் தோலின் இழைகள் கொல்லாஜன் என்னும் புரதத்தால் ஆனவை; அந்தக் கொல்லாஜன் மூலக்கூறுகளுக்கு நடுவிலும் இத்தகைய நீர்வழித் தள்ளுவிசை அளக்கப்பட்டிருக்கிறது. பச்சைத்தோல் காயும்போதோ, வெளியேறும் நீர் இழைகளை நெருக்கி இழுத்து ஒன்றோடொன்று ஒட்டச்செய்ய, தோல் பலகைபோல் விறைத்துவிடுகிறது. பதனிட்ட தோலுக்கும் காயவைக்கும் முன் எண்ணெய்ப் பசை ஏற்றுவது இந்த ஒட்டலைத் தடுக்கத்தான். இழுப்பு, தள்ளல் இரண்டையும் சேர்த்து விளக்கும் கட்டுரையொன்றை, தோலையே சான்றாகக் கொண்டு, தாங்கள் வெளியிட வேண்டுகிறேன். இங்குள்ள மேல்நிலை மாணவர்கள் பலரின் வீடுகளில் பெற்றோருக்கு அந்தத் தோல் கைப்பழக்கமானது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.